முத்துசாமி எந்த நாட்டுக்கு ஆடுவார்?

2025 நவம்பர் 18ஆம் தேதி ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. கோலே விழாத அந்த ஆட்டத்தின் முடிவில் குராசாவ் என்ற குட்டித் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அங்கே மக்கள்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம். நம்ம புதுச்சேரி நகராட்சிப் பகுதியில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 2.4 லட்சம் பேர். அதாவது முத்தியால்பேட்டையையும் முதலியார்பேட்டையையும் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அவ்வளவு பேர் கொண்ட ஓர் ஊர் உலகக் கோப்பைக்குப் போகிறது. இதுவரை தகுதி பெற்றதிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது அதுதான் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு சின்ன விவரம் அடிபட்டுப் போச்சு. குராசாவ் தனி நாடு கிடையாது. நெதர்லாந்து முடியாட்சிக்குள் இருக்கும் ஒரு தன்னாட்சிப் பகுதி. அதே கரீபியன் கடலில், குராசாவைப்போல இரண்டு மடங்குக்கு மேல், சுமார் 3.8 லட்சம் பேர் வாழும் குவாதலூப் தீவு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாது. ஆடித் தோற்றார்களா என்றால் இல்லை. விண்ணப்பப் படிவமே அவர்களுக்குக் கிடையாது.

இந்த இரண்டு தீவுகளும் ஒரே அமைப்பின் உறுப்பினர்கள். அந்த அமைப்பின் பெயர் கான்ககாஃப். வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளின் கால்பந்துக் கூட்டமைப்பு. 1961 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவாக்கினார்கள். இன்றைக்கு 41 உறுப்பினர்கள். அதில் 35 பேர் ஃபிஃபாவிலும் உறுப்பினர்கள். மிச்சம் ஆறு பேர் கூட்டமைப்பில் உண்டு, ஃபிஃபாவில் இல்லை: குவாதலூப், மர்த்தினிக், பிரெஞ்சு கயானா, செயின்ட் மார்ட்டின் ஆகிய நான்கும் பிரெஞ்சுப் பகுதிகள்; பொனைர், சின்ட் மார்ட்டன் இரண்டும் டச்சுப் பகுதிகள்.

இந்தப் பதிவு அந்த ஆறு பேரை, குறிப்பாக முதல் மூன்று பேரை, கான்ககாஃப் நடத்தும் விதம் பற்றிய விமர்சனம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு கரீபியன் கால்பந்து பற்றி ஏன் கவலைப்படணும்னு கேட்பீர்கள். காரணம் இருக்கு.

கப்பல் ஏறிய பெயர்கள்

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கிளம்பிய முதல் கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக் போய்ச் சேர்ந்தது. 1854 டிசம்பரில் குவாதலூப். அதன்பின் முப்பது வருஷத்துக்கும் மேல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், பிரெஞ்சு கயானாவுக்குச் சில ஆயிரம் பேர். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியோனுக்கு லட்சத்துக்கு மேல். 1861இல் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். தஞ்சாவூர், ஆற்காடு பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் நம்ம ஊர்க் கடற்கரையில்தான் கப்பல் ஏறினார்கள்.

இறங்கிய இடத்தில் பிரெஞ்சு எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதிக்கொண்டார்கள். முத்துசாமி 'மூத்தூசாமி' ஆனார். சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனார். வீராசாமி 'விராசாமி'. கொஞ்ச காலமாக நான் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். வேலை ரொம்ப எளிது. கால்பந்து அணிப் பட்டியல்களில் இருக்கும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் குடும்பப் பெயர்களை எடுத்து, அந்த எழுத்தர்கள் செய்த மாற்றத்தைத் திருப்பிப் போடுவது. 'உ' ஓசைக்கு அவர்கள் இரண்டு எழுத்து போடுவார்கள், நாம் ஒன்றாக்கணும். 'ச' ஓசையை இரட்டிப்பார்கள், நாம் ஒற்றையாக்கணும். இப்படி ஏழெட்டு விதி போதும். திரையில் தமிழ்ப் பெயர் வந்து நிற்கும்.

அப்படி வந்து நின்ற பெயர்களில் ஒன்று சாமுவேல் மூத்தூசாமி. 1996இல் பாரிஸில் பிறந்தவர். பிரான்சின் நாந்த் கிளப்பில் பல வருஷம் நடுக்களத்தில் ஆடியவர். அப்பா வழி குவாதலூப், அம்மா வழி காங்கோ. சர்வதேசக் கால்பந்தில் அவர் ஆடுவது காங்கோ ஜனநாயகக் குடியரசுக்காக. 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட்டில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் காங்கோ அரையிறுதி வரை போனது. அந்த அணியில் நம்ம முத்துசாமி ஒருவர் இருந்தார் என்பதை இங்கே எத்தனை பேர் கவனித்திருப்போம்?

அவர் முன்னால் மூன்று கதவுகள் இருந்தன. பிறந்த நாடான பிரான்ஸ்: ஐரோப்பியக் கூட்டமைப்பு. அம்மாவின் காங்கோ: ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு. அப்பாவின் குவாதலூப்: கான்ககாஃப். முதல் இரண்டு கதவுகளுக்குப் பின்னால் உலகக் கோப்பைக்கு வழி உண்டு. மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஒரு நல்ல வரவேற்பறை உண்டு, அதற்குப் பின்னால் சுவர். அவர் காங்கோவைத் தேர்ந்தெடுத்தது அவருடைய சொந்த விஷயம், அதில் நாம் காரணம் தேட வேண்டியதில்லை. நான் பேசுவது அந்தச் சுவரைப் பற்றி.

ஒரே பிரான்ஸ், மூன்று பதில்கள்

டேட்டாபேஸ் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு காலத்தில் என்ன மதிப்பு வந்தாலும், 'இது எந்த விதிப்படி வந்தது?' என்று தோண்டுவோம். கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளைக் கால்பந்து எப்படி நடத்துகிறது என்று ஓர் அட்டவணை போட்டேன். அதில் விதியைக் கண்டுபிடிப்பது சுலபமா இல்லை.

தாஹிதி: 1990 முதல் ஃபிஃபா உறுப்பினர். 2012இல் ஓஷியானியா கோப்பையை வென்று, 2013இல் பிரேசிலில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஆடியது. நைஜீரியாவிடம் 1-6, ஸ்பெயினிடம் 0-10, உருகுவேயிடம் 0-8. அந்த ஒரே ஒரு கோலுக்கு பிரேசில் ரசிகர்கள் போட்ட ஆரவாரம் ஞாபகம் இருக்கலாம்.

நியூ கலடோனியா: 2004 முதல் ஃபிஃபா உறுப்பினர். 2025 மார்ச்சில் ஓஷியானியா தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்றது. ஜெயித்திருந்தால் நேராக உலகக் கோப்பை.

ரெயூனியோன்: ஆப்பிரிக்கக் கூட்டமைப்பில் இணை உறுப்பினர் மட்டும். ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆட முடியாது. இந்தியப் பெருங்கடல் தீவுகளின் விளையாட்டுப் போட்டி மாதிரியான இடங்களில் மட்டும் ஆடலாம்.

குவாதலூப், மர்த்தினிக், பிரெஞ்சு கயானா: கான்ககாஃபில் 2013 முதல் முழு உறுப்பினர்கள். அந்தப் பகுதியின் பெரிய போட்டியான கோல்டு கப்பில் ஆடலாம். ஃபிஃபா கிடையாது, உலகக் கோப்பை கிடையாது, ஃபிஃபா தரவரிசையில் பெயர்கூட வராது.

இவர்கள் எல்லோர் கையிலும் இருப்பது ஒரே பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஆனால் கால்பந்தில் ஒருவர் முழு நாடு, ஒருவர் அரை நாடு, ஒருவர் கால் நாடு.

சட்டக் காரணம் ஒன்று சொல்வார்கள், அதையும் நேர்மையாகப் பார்க்கணும். 1946 மார்ச்சில் வந்த சட்டப்படி குவாதலூப், மர்த்தினிக், கயானா, ரெயூனியோன் நான்கும் பிரான்சின் மாவட்டங்கள் ஆகிவிட்டன. சட்டத்தின் கண்ணில் அவை பாரிஸைப்போல பிரான்சேதான். தாஹிதியும் நியூ கலடோனியாவும் தனி அந்தஸ்து கொண்ட பகுதிகள். ஆகவே ஃபிஃபா இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்குன்னு வாதிடலாம்.

அந்த வாதம் இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று, ரெயூனியோனும் குவாதலூப்பும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே நாளில் மாவட்டங்களானவை. ஒன்றுக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு பாதிக் கதவு திறக்கிறது, இன்னொன்றுக்கு கான்ககாஃப் முழுக் கதவு திறக்கிறது. சட்ட அந்தஸ்துதான் அளவுகோல் என்றால் இரண்டுக்கும் ஒரே பதில் வந்திருக்கணும். இரண்டு, ஃபிஃபாவின் சட்டதிட்டத்திலேயே இன்னும் விடுதலை பெறாத பகுதியின் சங்கமும், தாய் நாட்டுச் சங்கம் அனுமதி கொடுத்தால் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கு. சாவி பிரெஞ்சுக் கால்பந்துச் சங்கத்தின் பையில் இருக்கு என்று அர்த்தம். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு பிரான்சைக் காப்பாற்றிய லிலியன் துராம் பிறந்தது குவாதலூப்பில். தியரி ஆன்றியின் அப்பா குவாதலூப்காரர். இப்படி விளையும் தோட்டத்துக்கு யார் தனிப் பட்டா எழுதிக் கொடுப்பார்கள்?

'நாடு' என்ற சொல்லைக் கால்பந்து எப்போதுமே இழுத்த இழுப்புக்கு வளைத்திருக்கிறது. ஆசியக் கூட்டமைப்பு 1954 மே 8ஆம் தேதி மணிலாவில் தொடங்கியது. நிறுவன உறுப்பினர்களில் இந்தியா, பாகிஸ்தான், பர்மாவோடு ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இருந்தன. இரண்டும் அன்று பிரிட்டிஷ் காலனிகள். அதே நாளில் புதுச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கீழூர் வாக்கெடுப்பு அந்த வருஷம் அக்டோபர் 18இல், ஆட்சி கைமாறியது நவம்பர் 1இல், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். புதுச்சேரி தனி அணியாக ஆசியக் கோப்பை ஆடியிருக்கணும்னு நான் சொல்ல வரலை. காலனி என்பது அன்றைக்கு மணிலாவில் தடையாகத் தெரியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். பக்கத்துக் காலத்து உதாரணம் வேண்டுமானால் ஜிப்ரால்டர். நாற்பதாயிரத்தைத் தாண்டாத மக்கள்தொகை, பிரிட்டனின் பகுதி. விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் வழக்காடி 2013இல் ஐரோப்பியக் கூட்டமைப்பிலும் 2016இல் ஃபிஃபாவிலும் இடம் பிடித்தது. வழக்காட ஒரு சங்கமும், அதற்குப் பணமும், பிடிவாதமும் இருந்தால் சுவர் கதவாகிறது.

மலூடா விவகாரம்

கான்ககாஃப் மேல் என் முக்கியமான குற்றச்சாட்டு உலகக் கோப்பை பற்றியது இல்லை. அது ஃபிஃபாவின் வேலை. கான்ககாஃப் தன் கையில் இருக்கும் விதியையே ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான்.

2007 கோல்டு கப்பில் குவாதலூப் முதன்முறையாக ஆடியது. யாரும் எதிர்பார்க்கவில்லை. கனடாவை வென்றது, காலிறுதியில் ஹோண்டுராஸை வென்றது, அரையிறுதியில் மெக்சிகோவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. அந்த அணியின் முதுகெலும்பு ஜோசலின் ஆங்லோமா. வயசு 41. பிரான்ஸ் அணிக்காக 1996 வரை 37 ஆட்டங்கள் ஆடியவர். பிரான்ஸுக்கு ஆடியவர் குவாதலூப்புக்கும் ஆடலாமா? ஆடலாம், பிரான்ஸுக்குக் கடைசியாக ஆடி ஐந்து வருஷம் ஆகியிருந்தால். அப்போது நடைமுறையில் இருந்த விதி அது. குவாதலூப் ஃபிஃபா உறுப்பினர் இல்லை என்பதால் இந்தச் சலுகை. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. உலகக் கோப்பை கனவைப் பறித்துக்கொண்டவர்கள் பதிலுக்குக் கொடுத்த ஆறுதல் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய அணியில் ஆடி முடித்தவர், சொந்த ஊருக்காகக் கடைசியாக ஒரு தடவை சட்டை போட்டுக்கொள்கிறார்.

பத்து வருஷம் கழித்து பிரெஞ்சு கயானாவும் அதையே செய்தது. ஃப்ளோரான் மலூடா, கயென்னில் பிறந்தவர். பிரான்ஸுக்காக 80 ஆட்டங்கள், 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் உட்பட. 2017 ஜூனில் கரீபியன் கோப்பையில் கயானாவுக்காக இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. அடுத்த மாதம் கோல்டு கப். கான்ககாஃப் அவர் ஆடத் தகுதியில்லை என்றது. கயானா கேட்கவில்லை. ஜூலை 11இல் ஹூஸ்டன் நகரில் ஹோண்டுராஸுக்கு எதிராக அவரை இறக்கியது. ஆட்டம் 0-0. பிறகு அந்த முடிவை ரத்து செய்து ஹோண்டுராஸுக்கு 3-0 வெற்றி என்று எழுதினார்கள். மலூடாவுக்குத் தடையும் விழுந்தது.

எச்சரித்த பிறகும் இறக்கியது கயானாவின் தப்பு, சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது கரீபியன் கோப்பைதான் அந்தத் தீவுகளுக்கு கோல்டு கப்புக்கான தகுதிப் பாதையாக இருந்தது. அங்கே ஒரு தகுதி விதி, இங்கே ஒரு தகுதி விதி. ஒரே வீரர் ஜூனில் கயானாக்காரர், ஜூலையில் பிரான்ஸ்காரர். சாஃப்ட்வேரில் இதை இப்படிச் சொல்வோம்: டெஸ்ட் செர்வரில் ஓடியது, புரொடக்‌ஷனில் ஓடவில்லை, இரண்டுக்கும் கான்ஃபிகரேஷன் வேற வேற. அந்த மாதிரி நடந்தால் ப்ரோகிராம் எழுதினவனை மட்டும் திட்டி முடித்துவிட மாட்டோம். இரண்டு இடத்திலும் ஏன் வேறு வேறு அமைப்பு வைத்தீர்கள் என்று செர்வர் வைத்தவனையும் கேட்போம். அந்த இரண்டாவது கேள்வி இங்கே கேட்கப்படவே இல்லை.

இதில் இன்னும் ஆழமான முரண் ஒன்று. ஃபிஃபாவின் விதிப்படி மலூடா 'பிரான்ஸுக்குக் கட்டுப்பட்டவர்'. சரி. ஆனால் ஃபிஃபா கயானாவை உறுப்பினராகவே ஒத்துக்கொள்ளவில்லை. உரிமை என்று வரும்போது 'நீ ஃபிஃபாவில் இல்லை', கடமை என்று வரும்போது 'ஃபிஃபா விதி உனக்கும் பொருந்தும்'. ரேஷன் கார்டு தராமல் வீட்டு வரி மட்டும் வசூலிப்பது போல.

விருந்தாளிக்கு முதல் பந்தி

கோல்டு கப்புக்கு வெளியார் விருந்தாளிகளாக வருவது புதுசு இல்லை. பிரேசிலே வந்திருக்கிறது. சமீப வருஷங்களில் 2021, 2023 போட்டிகளில் கத்தார், 2025இல் சவூதி அரேபியா. இரண்டும் நம்ம ஆசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். தெற்காசியக் கூட்டமைப்பும் 2023இல் பெங்களூரில் நடத்திய போட்டிக்கு லெபனானையும் குவைத்தையும் அழைத்தது, இறுதியில் குவைத்தை பெனால்டியில் வென்றுதான் இந்தியா கோப்பையைத் தூக்கியது. விருந்தாளியை அழைப்பதில் தப்பில்லை. நல்ல எதிரணி கிடைக்கும், போட்டிக்குப் பார்வையாளர் கிடைப்பார்கள்.

ஆனால் பந்தி வரிசையைப் பாருங்கள். 2023இல் கத்தார் நேராக கோல்டு கப்பின் குழுச் சுற்றில் உட்கார்ந்தது. கூட்டமைப்பின் முழு உறுப்பினரான குவாதலூப் முன்தகுதிச் சுற்று ஆடி ஜெயித்துத்தான் உள்ளே வந்தது. வந்தபின், அதற்கு முந்தைய வருஷம்தான் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்திருந்த கனடாவோடு 2-2 என்று சமன் செய்தது. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாருக்கு முதல் பந்தி போடுவது நம்ம ஊர் மரியாதைதான். அதுக்காகக் கூடப் பிறந்தவனை வாசலில் டோக்கன் வாங்கச் சொல்ல மாட்டோம்.

பணம் இன்னொரு விஷயம். ஃபிஃபாவின் 'ஃபார்வர்ட்' திட்டத்தில் 2023–26 சுற்றுக்கு ஓர் உறுப்பினர் சங்கத்துக்கு 80 லட்சம் டாலர் வரை உதவி. மைதானம், பயிற்சி, பயணச் செலவு எல்லாம் இதிலிருந்து. குராசாவுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது, குவாதலூப்புக்கு இல்லை. அவர்கள் பிரெஞ்சுச் சங்கத்தின் பிராந்தியக் கிளை என்பதால் அங்கிருந்து வரும் உதவியை நம்பித்தான் இருக்கணும். அதே திட்டத்தில் ஒவ்வொரு கூட்டமைப்புக்கும் அதே சுற்றில் 6 கோடி டாலர் தனியாக ஒதுக்கீடு. ஆகவே 'ஃபிஃபா தரவில்லை, நாங்கள் என்ன செய்வது' என்று கான்ககாஃப் கையை விரிக்க முடியாது.

ஓட்டுச் சந்தை என்ற எதிர்வாதம்

சின்னத் தீவுகளுக்கு இன்னும் அதிகாரம் கொடுப்பதை எதிர்ப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கு. ஃபிஃபா மாநாட்டில் ஒரு சங்கத்துக்கு ஓர் ஓட்டு. இந்தியாவுக்கும் ஒன்று, சான் மரினோவுக்கும் ஒன்று. மொத்தம் 211 ஓட்டில் கான்ககாஃபுக்கு 35, அதில் பெரும்பகுதி கரீபியன் தீவுகள். இந்த ஓட்டுகளை மொத்தமாக வைத்துக்கொண்டு பேரம் பேசியதாகத்தான் கான்ககாஃபின் கறுப்புச் சரித்திரமே பேசப்படுகிறது.

டிரினிடாடின் ஜாக் வார்னர் 1990 முதல் 2011 வரை கான்ககாஃப் தலைவர். கரீபியன் கால்பந்து ஒன்றியத்தின் தலைவரும் அவரே. 2011 மே மாதம், ஃபிஃபா தலைவர் தேர்தலுக்கு முன், டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு ஓட்டலில் கரீபியன் சங்க நிர்வாகிகளின் கூட்டம் நடந்தது. ஓட்டுக் கேட்க வந்தவர் அப்போதைய ஆசியக் கூட்டமைப்பின் தலைவர், கத்தாரின் முகமது பின் ஹம்மாம். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தலா 40,000 டாலர் ரொக்கம் வைத்த உறைகள் தரப்பட்டன என்ற புகார் எழுந்தது. வார்னர் பதவி விலகினார். 2015இல் ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை விதித்தது. தன் மேல் வைத்த குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். அவருக்குப் பின் சீர்திருத்தவாதி என்று வந்த கேமன் தீவுகளின் ஜெஃப்ரி வெப் 2015 மே மாதம் சூரிச் ஓட்டலில் கைதானார், அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஹோண்டுராஸின் அல்ஃபிரெடோ ஹாவித்தும் அதே வருஷம் டிசம்பரில் கைதாகி, பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்தால் 'இன்னும் ஆறு ஓட்டு சேர்க்கணுமா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான பயம். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். இருபது வருஷத்துக்கு மேல் வார்னரோடு பொதுச் செயலாளராக இருந்து, கான்ககாஃப் ஒப்பந்தங்களில் கமிஷன் எடுத்தவர் சக் பிளேசர், நியூயார்க்காரர். அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். உறை நீட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றிலிருந்து வந்தவர். ஊழல் தீவின் அளவைப் பார்த்து வருவதில்லை. பணம் எங்கிருந்து எங்கே போகுதுன்னு யாரும் கேட்காத இடத்தில் வருது. நம்ம ஊர் உள்ளாட்சித் தேர்தலில் காசு கொடுக்கிறார்கள் என்பதற்காக வார்டு மக்களின் ஓட்டுரிமையைப் பிடுங்கணும்னு நாம் சொல்வதில்லை. காசு கொடுப்பவனைப் பிடிக்கச் சொல்கிறோம்.

கான்ககாஃப் செய்யக்கூடியவை

ஃபிஃபாவை மாற்றுவது பெரிய வேலை. கான்ககாஃப் தனக்குள்ளேயே செய்யக்கூடியவை மூன்று இருக்கு.

முதலாவது, தகுதிப் பாதை தொடங்கி இறுதி ஆட்டம் வரை ஒரே வீரர் தகுதி விதி. ஃபிஃபாவில் இல்லாத உறுப்பினர்களுக்குப் பழைய ஐந்து வருஷ விதியையே எழுத்தில் நிரந்தரமாக்கலாம். ஆங்லோமா மாதிரி ஒருவர் 41 வயசில் சொந்த ஊருக்கு ஆடினால் யாருக்கு நஷ்டம்?

இரண்டாவது, பொதுப் பணத்தில் இந்த ஆறு சங்கங்களுக்கும் எவ்வளவு போகிறது என்று தனித் தலைப்பில் கணக்கு வெளியிடுவது. வார்னர் காலத்துக்குப் பிறகு கான்ககாஃப் பேசும் வெளிப்படைத்தன்மைக்கு இதைவிடச் சுலபமான பரீட்சை இல்லை.

மூன்றாவதுதான் கஷ்டம். கான்ககாஃபிடம் ஃபிஃபா மாநாட்டில் 35 ஓட்டு இருக்கு. இத்தனை வருஷம் பேரத்துக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஓட்டுகளை ஒரு தடவை தன் சொந்த உறுப்பினர்களுக்காகப் பயன்படுத்தலாம். தாய் நாட்டுச் சங்கத்தின் அனுமதி வேண்டும் என்ற பிரிவை எடுக்க வேண்டாம். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு, ஒரு காலக்கெடுவுக்குள் கொடு என்று சேர்த்தால் போதும். இப்போது மறுக்கவே தேவையில்லை, சும்மா இருந்தாலே மறுத்த மாதிரிதான்.

குவாதலூப்காரர்களே இதை விரும்புவார்களா என்பது தனிக் கேள்வி. தனி ஃபிஃபா உறுப்பினர் ஆகிவிட்டால் ஒரு பையன் பதினெட்டு வயசிலேயே பிரான்ஸா, குவாதலூப்பா என்று முடிவு செய்யணும். இப்போது முதலில் பிரான்ஸ், பிறகு ஊர் என்று இரண்டையும் ஆசைப்படலாம். இந்த இரட்டை நிலையில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள். பாரிஸும் சூரிச்சும் மயாமியும் அவர்களுக்காக எடுத்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

நம்ம பக்கத்துக் கணக்கு

இந்தக் கேள்வி கடல் கடந்தது மட்டும் இல்லை. புதுச்சேரியில் இன்றைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். ஜூலை 14இல் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் பதக்கம் அணிந்து நிற்கும் பெரியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு வீட்டுப் பையன், இங்கேயே பிறந்து, உப்பளம் மைதானத்தில் பந்து உதைத்து வளர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே இந்திய அணியில் ஆடலாம் என்பது 2008 முதல் மத்திய அரசின் கொள்கை. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டாவும், 2025இல் ஆஸ்திரேலியாவின் ரயன் வில்லியம்ஸும் பழைய பாஸ்போர்ட்டை விட்டுக் கொடுத்துத்தான் இந்தியர் ஆனார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு மிச்சம் இருப்பது பிரான்ஸ் அணி ஒன்றுதான். எம்பாப்பே ஆடும் இடத்துக்குப் போட்டி போடலாம், அவ்வளவே.

யார் எந்த ஊர்க்காரன் என்று எங்கோ இருக்கும் ஓர் அலுவலகம் தீர்மானிக்கும் கதை நம் ஆட்களுக்குப் பழக்கமானது. குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் 1863இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரோம். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளை. இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியாது, இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை என்றது அங்கே நிர்வாகம். அந்தத் தீவிலேயே பிறந்தவர்களை, அங்கேயே கரும்பு வெட்டியவர்களை, வரி கட்டியவர்களைப் பார்த்துச் சொன்னது. 1904இல் தொடங்கி சிதம்பரோம் ஏறக்குறைய இருபது வருஷம் வழக்காடினார். 1923இல் பிரெஞ்சு அரசு அவர்களின் உரிமையை ஒத்துக்கொண்டது.

ஓட்டுரிமையும் உலகக் கோப்பையும் ஒன்றில்லை, தெரியும். இருபது வருஷம் வழக்காட வைத்த வாதமும், இன்றைக்குக் கால்பந்தில் நடக்கும் வாதமும் ஒரே சாயலில் இருக்கு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கடமைக்கு உள்ளே, உரிமைக்கு வெளியே.

அடுத்த பதிவில் அந்தப் பெயர்ப் பட்டியலை விவரமாகப் போடுகிறேன். மர்த்தினிக், ரெயூனியோன் அணிகளில் தேடியபோது ப்ரோகிராம் திருப்பித் தந்த பெயர்கள் சிலவற்றுக்கு இன்னும் தமிழ் மூலம் பிடிபடவில்லை. காரைக்கால் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.